நாலடி தள்ளி வெட்டிய கிணறு

ஒல்லி முக்கோணிகளில் குற்றமில்லை என்று நிறுவியதற்காகத்தான் எனக்குக் கலாநிதிப் பட்டம் தந்தார்கள். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐந்து வருடம் நான் வேறு ஒன்றும் செய்யவில்லை, சமைக்கக்கூட ஒழுங்காகப் பழகவில்லை.

விஷயம் இதுதான். ஓர் ஊரின் அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஒரு தகட்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதையெல்லாம் ஒரேயடியாகக் கணக்கிட எவராலும் முடியாது. அதனால் பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணிகளாக வெட்டுவோம். ஒவ்வொரு முக்கோணியின் மூன்று உச்சிகளிலும் அளந்தெடுத்த உயரம் ஒன்று இருக்கும். அந்த மூன்றின் மேலும் ஒரு தட்டைப் பலகையை வைத்ததாக நினைத்துக்கொள்வோம். எல்லாப் பலகைகளையும் விளிம்போடு விளிம்பு பொருத்தினால் உண்மைக்குக் கிட்டிய ஒரு வடிவம் வரும். முடிவுறு மூலக முறை என்று அதற்குப் பெயர். அந்த வடிவம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகும் என்று சொல்வது வழுக் கணிப்பு. அதுதான் என் உத்தியோகம். பிழை எவ்வளவு வரும் என்று முதலே சொல்வதற்கென்று பல்கலைக்கழகத்தில் கதிரை போட்டு இருத்தி வைத்திருக்கிற ஆள் நான். இதை மறக்காமல் மேலே வாசியுங்கள்.

முக்கோணிகள் கொழுத்தவையாக இருக்கவேண்டும், மூன்று பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தீவுக்கு அது சரிவராது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் என்று காணியை நீளவாட்டில் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் றோட்டுப் பக்கம் ஒரு முகப்பு வேண்டுமே. அதனால் காணிகள் றோட்டிலிருந்து கடல் பக்கமாக நாடா மாதிரி நீண்டு கிடக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் வலை போட்டால் முக்கோணிகளும் இழுபட்டு, ஊசி மாதிரித்தான் வரும். ஊசி மாதிரி வந்தாலும் பரவாயில்லை, கணக்குப் பிழைக்காது என்று நான் நிறுவினேன். ஒரே ஒரு நிபந்தனை. எந்த முக்கோணியிலும் ஒரு கோணம் நூற்றெண்பது பாகைக்குக் கிட்டே விரியக்கூடாது. ஆய்வேட்டில் அதற்கு ஒரு வரி எழுதியிருந்தேன்: 'வலையிலுள்ள கோணம் எதுவும் நூற்றெண்பது பாகையை அணுகாது எனக் கொள்க.' கொள்க! எவ்வளவு சுகமான சொல். நாங்கள் கொள்க என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

எங்கள் அம்மாவுக்கு மூன்று பெண்கள். பெரியக்கா, அக்கா, நான். சாட்டிக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் வந்தால் றோட்டிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கை, அதில் அம்மாவின் காணி. அவர் அதை மூன்று நாடாவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு வெட்டுவித்தார். ஒரு கிணறு காணும் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. பங்குக் கிணற்றடியில் சகோதரிகள் வாய்ச்சண்டை பிடித்து, கோடு கச்சேரி என்று இழுபட்ட குடும்பங்களை அவர் கண்டிருக்கிறார். "என்ரை பிள்ளையள் தண்ணிக்கு அடிபடக்கூடாது" என்பதுதான் அவர் கதை. மூன்று கிணறும் ஒரே நேர்கோட்டில், நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி, இடைவெளியில் வரவேண்டும் என்று நூல் பிடித்துக் குறித்தார்கள். நடுக்கிணற்றை வெட்டும்போது ஐந்தடியில் உடைக்க ஏலாத கல் வந்துவிட்டது. அதைவிட்டுக் கடல் பக்கமாக நாலடி தள்ளி வெட்டினார்கள். அந்தக் கிணறு அக்காவின் பங்குக்கு வந்தது. வெட்டி முடிந்த பிறகு பார்த்தால், மற்ற இரண்டிலும் தண்ணீர் கொஞ்சம் உவர். உடுப்புத் தோய்க்கலாம், அவ்வளவுதான். அக்காவின் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

பெரியக்கா கனடாவில். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஆகவே எங்கள் இரண்டு பேரின் கிணறுகளிலும் அள்ள ஆளில்லை, தண்ணீர் அசையாமல் உயர்ந்து நிற்கும். நடுக்கிணற்றில் அக்கா வீடும் ஒழுங்கையில் பதினான்கு வீடுகளும் அள்ளும். அதில் தண்ணீர் மற்ற இரண்டையும்விட எப்போதும் இரண்டு அங்குலம் பதிந்து நிற்கும். இந்த இரண்டு அங்குலத்தையும் அந்த நாலடியையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் படிந்து கிடக்கும் மழைத் தண்ணீர்தான், பாலில் ஆடை மாதிரி. மேலே தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் பதிந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அங்குலம் ஏறும். இது புத்தகத்தில் இருக்கிற கணக்கு. அக்காவுக்கு இந்த நாற்பது தெரியாது. அவருக்கு நாக்கு இருந்தது. விடிய, ஒருவரும் வரமுதல், முதல் வாளியை அவர்தான் அள்ளுவார். உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு குரோட்டன் செடியடியில் துப்பிவிட்டுப் படலையைத் திறப்பார். "இண்டைக்கு வீட்டுக்கு ரெண்டு குடந்தான். பின்னேரம் ஒருத்தரும் அள்ளக்கூடாது, ஊறட்டும்" என்பார். அவரைவிட மூத்த, ஊரையே வாயால் வெட்டுகிற மனுசிகள்கூட மறுபேச்சில்லாமல் இரண்டு குடத்தோடு போவார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். பிள்ளைகள் இல்லை. கலியாண வீடுகளில் பின்வரிசையில் இருக்கிற ஆள். அந்தக் கிணற்றுக்கட்டில் நிற்கும்போது மட்டும் ஒழுங்கை முழுக்க அவர் முகத்தைத்தான் பார்க்கும். எனக்கு அதில் ஓர் எரிச்சல் இருந்தது. இவ்வளவு படித்த என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு விடுமுறைக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தையெல்லாம் வீடு வீடாகப் போய் அளந்தேன். கம்ப்யூட்டர் புரோகிராமே நல்ல இடங்களாகப் பார்த்துப் புள்ளிகளைத் தெரிந்து வலையைப் போட்டது. சில கிணறுகளை எடுத்துக்கொண்டது, நெருங்கிக் கிடந்தவற்றை விட்டுவிட்டது. அதைப் பெரிதாக அச்சடித்து வாசிகசாலைச் சுவரில் ஒட்டினேன். புத்தியில்லாமல் பேய் வேலை செய்தேன். ஊர் முழுக்கத் திரண்டு வந்து தங்கள் தங்கள் கிணற்றைத் தேடியது.

"மூண்டு தலைமுறைக் கிணறு பிள்ளை" என்றார் வாசிகசாலைத் தலைவர். "உம்மடை படத்திலை இல்லை. நாங்கள் ஊரிலை இல்லாத ஆக்களோ?"

"இல்லை ஐயா, இது கணக்குக்கு. எல்லாக் கிணறும் தேவைப்படாது."

"எங்களுக்குத் தேவை" என்றார். "இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை ஒரு பதிவிலை பேர் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு உமக்குத் தெரியாது. உதிலை எல்லாரையும் போடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யுத்தக் காலத்தில் தீவே ஒரு முறை ஆளில்லாமல் கிடந்தது. திரும்பி வந்தவர்கள் இன்றைக்கும் ஒரு பட்டியலைக் கண்டால் முதலில் தங்கள் பெயரைத்தான் தேடுவார்கள். அக்காவும் வந்து படத்தில் விரலை வைத்து ஒழுங்கை வழியே ஊர்ந்தார். "பெரியக்கான்ரை இருக்கு, உன்ரை இருக்கு. எங்கடை எங்கை?" என்று கேட்டார். நேர்கோட்டுக்கு வெறும் நாலடி தள்ளி இருந்ததால் புரோகிராம் அதை விட்டிருந்தது. அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே எல்லாக் கிணறுகளையும் உச்சிகளாக்கினேன். புரோகிராம் சிவப்பு எழுத்தில் கத்தியது, சில முக்கோணிகள் மோசமாக இருக்கின்றன என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒல்லியாக இருப்பது குற்றமில்லை என்று நிறுவியவளிடமே வந்து சொல்கிறது பார் என்று அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டேன். எந்த வகையில் மோசம் என்று வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அத்தான், அக்காவின் கணவர், அதிகம் கதைக்காத மனிதர். அந்த வருடம் பெரியக்காவின் பூட்டிய காணியையும் சேர்த்து வெங்காயம் வைக்க விரும்பினார். வாளியால் இறைத்துக் கட்டாது, நடுக்கிணற்றில் மெசின் வைத்துத்தான் இறைக்கவேண்டும். சித்திரை வருடப் பிறப்புக்குப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார்.

"உம்மடை கணக்கிலை பாத்துச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் இறைக்கலாம்? நீர் சொன்னால் சரி."

அக்கா குசினிக்குள்ளிருந்து, "கிணத்தைக் கேக்காமல் ஏன் அவளைக் கேக்கிறியள்?" என்றார்.

"அக்கா, நாக்காலை அளந்து தோட்டம் செய்ய ஏலாது" என்றேன் நான். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கணக்கைப் போட்டேன். படத்தில் நடுக்கிணற்றடியில் கடும் நீலமாக ஒரு கீற்று விழுந்திருந்தது. றோட்டுப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் வாரிக்கொண்டு அக்காவின் கிணற்றுக்கு வருகிறது என்று அர்த்தம். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டா இந்த மனுசி இரண்டு குடம், இரண்டு குடம் என்று ஊரைப் படுத்தியது என்று நினைத்தேன். நாளுக்கு நாலு மணித்தியாலம் தாராளமாக இறைக்கலாம் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினேன்.

மெசின் ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமை, நான் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா ரெலிபோன் எடுத்தார்.

"தங்கச்சி, தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி?"

"உப்பெண்டு சொல்ல ஏலாது. நாக்கின்ரை கரையிலை எப்பன், கொஞ்சமாய்ப் பிடிக்குது. மெசினை நிப்பாட்டச் சொல்லுவமெண்டு பாக்கிறன்."

"போன கிழமை கிணறுகளுக்குக் குளோரின் போட்டவையெல்லே. அதின்ரை ருசிதான். உங்கடை கிணத்துக்கு உப்பு வாறதுக்கு வழியே இல்லை அக்கா. கணக்கிலை அவ்வளவு தண்ணி வருது. அத்தானை விடாமல் இறைக்கச் சொல்லுங்கோ."

 "சரி, நீ சொன்னால் சரி" என்றார். வாழ்நாளில் அக்கா என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள்ளே குளிர்ந்தது. சீ, என்ன பிறவி நான். அந்தச் சந்தோஷத்தோடு மிச்சத் தாள்களையும் திருத்தி முடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். என் சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாராம். முதலில் முறைப்பட்டது ஒழுங்கையில் ஒரு மனுசி, பருப்பு எவ்வளவு நேரம் போட்டும் அவியவில்லை என்று. அடுத்து இன்னொரு வீட்டில் கைக்குழந்தை பால்மாவைத் தொடாமல் முகத்தைத் திருப்பியது. அதற்குள் வெங்காயத் தாள்களின் நுனி வெள்ளையாகக் கருகத் தொடங்கியிருந்தது. அத்தான்தான் எனக்கு அறிவித்தார். "நீர் ஒருக்கா வந்திட்டுப் போனால் நல்லது" என்று மட்டும் சொன்னார்.

குறிகட்டுவான் பஸ்ஸில், நயினாதீவுக்குப் போகிற கோயில் கூட்டத்துக்கு நடுவில் நசிந்துகொண்டு போனேன். அர்ச்சனைத் தட்டுகளும் பிள்ளைகளின் கூச்சலும். இறங்கி நேரே தோட்டத்துக்குப் போனேன். பாத்தி முழுக்க வைக்கோல் நிறமாகக் கிடந்தது. மெசின் நின்றிருந்தது. உப்பை அளக்கிற கருவியைக் கிணற்றில் இறக்கினேன். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை இறக்கினேன். கருவியில் ஒரு பிழையும் இல்லை. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் போட்டது. அந்த வீட்டில் வெளித் தண்ணீரில் நான் தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வலையைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. ஐயோ, அங்கேயே கிடந்தது. பெரியக்காவின் கிணறு ஓர் உச்சி, என் கிணறு ஓர் உச்சி, நடுவில் நாலடி தள்ளி அக்காவின் கிணறு மூன்றாவது உச்சி. அக்காவின் உச்சியில் கோணம் நூற்றெழுபத்தாறு பாகை.

நான் ஐந்து வருடம் இருந்து எழுதிய நிபந்தனை அதுதான். ஒல்லியாக இருப்பது குற்றமில்லை, ஆனால் ஒரு கோணம் இப்படி விரிந்து கிடந்தால் முக்கோணி பொய் சொல்லும். எப்படிப் பொய் சொல்லும் என்பதுதான் கொடுமை. மூன்று உச்சியிலும் உயரம் சரியாகவே இருக்கும். நான் அளந்தது சரி, பதிந்தது சரி. பொய் முழுக்கச் சரிவில்தான். மற்ற இரண்டு கிணறும் உயர்ந்து நிற்கின்றன, நடுக்கிணறு இரண்டு அங்குலம் பதிந்து நிற்கிறது. அந்த இரண்டு அங்குலமும் நாலடிக்குள் இறங்குகிறது என்று என் பலகை எடுத்துக்கொண்டது. தீவில் அப்படி ஒரு சரிவு எங்கே இருக்கிறது? இருந்தால் றோட்டுப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் எப்போதோ கடலுக்குள் ஓடி முடிந்திருக்கும். அந்த இரண்டு அங்குலம் பதிந்தது பதினான்கு வீடு அள்ளியதால். அதை நான் தண்ணீர் வாரிக்கொண்டு வருவதாக வாசித்தேன். தண்ணீர் வந்ததுதான், பக்கத்திலிருந்து அல்ல, கீழேயிருந்து.

அத்தான் முற்றத்தில் மெசின் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "எந்த இடத்திலை பிழைச்சது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அறியவேண்டும் என்று கேட்டார்.

குசினியிலிருந்து அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்தேன். முற்றத்து மணலில் மூன்று கற்களை ஏறக்குறைய ஒரே வரியில் வைத்து, நடுக்கல்லை மட்டும் ஒரு விரலளவு தள்ளிவைத்தேன். மேலே சுளகை வைத்து, மூன்று கல்லிலும் படும்படி அமத்திப் பிடித்துக்கொண்டு, நடுக்கல்லின் கீழ் மணலைக் கொஞ்சம் தோண்டினேன். கல் எப்பன் பதிந்ததும் சுளகின் மறுபக்கம் விருட்டென்று எழும்பி நின்றது. பிறகு நடுக்கல்லை ஒரு முழம் தள்ளிவைத்து அதேயளவு தோண்டிக் காட்டினேன். சுளகு அசைந்ததே தெரியவில்லை. அத்தான் குந்தியிருந்து பார்த்தார். உடனே விளங்கிவிட்டது. என் மாணவர்களுக்கு ஒரு தவணை எடுக்கும்.

"அப்ப அந்த நாலடியாலையோ? மாமி அண்டைக்கு அந்தக் கல்லை உடைப்பிச்சிருந்தால் இது வந்திராதோ?"

"கிணத்திலை பிழையில்லை அத்தான். நான் அதைப் புள்ளியாய் வைச்சதுதான் பிழை."

"உப்பிடி வைச்சால் பிழைக்கும் எண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப துவங்கி?"

"படிக்கேக்கை துவங்கி. நான்தான் அதை நிறுவினனான்."

அவர் தலையை ஆட்டினார். சுளகை எடுத்து மணலைத் தட்டி, குசினிக் கதவடியில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. கதைத்திருக்கலாம். நாலு தூசணத்தால் ஏசியிருக்கலாம். நான் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன்.

ஒழுங்கைத் தலைப்பில் ஒரு கறுப்புத் தாங்கி வைத்தார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பவுசர் வந்து நிரப்பும். பதினான்கு வீட்டுப் பெண்களும் குடங்களையும் கான்களையும் தூக்கிக்கொண்டு அக்காவின் படலையைத் தாண்டிப் போவார்கள். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. "என்னக்கா, சுகமோ?" என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அக்கா அந்த நேரங்களில் வளவின் பின்பக்கம் போய்விடுவார். தோட்டம் செய்ய ஏலாமல் போன அத்தான், கிளிநொச்சியில் ஓர் உறவினரின் வயலில் வேலைக்குப் போனார். வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இடம். மாதம் ஒருமுறை வருகிறார். அக்காவையும் வரச்சொல்லிக் கேட்டார். "கிணத்தை இப்பிடி விட்டுட்டு எப்பிடி வாறது?" என்று அக்கா போகவில்லை, நோயாளியை விட்டுப்போக மறுப்பவர் மாதிரி.

மாரி நல்லாகப் பெய்தது. மற்றக் கிணறுகள் தெளிந்தன. நடுக்கிணறு பாதி கூடத் தெளியவில்லை. ஒரு தடவை நல்ல தண்ணீருக்குள் உப்புக் கலந்தால் அது இலேசில் பிரியாது. எத்தனை மாரி வேண்டும் என்று அக்கா கேட்டார். நான் தெரியாது என்றேன். உண்மையில் கணக்கிட்டு வைத்திருந்தேன், சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். அக்காவின் கிணற்றை உச்சியாக வைக்காமல் எடுத்தேன். ஒழுங்கை வீடுகள் அள்ளிவந்த தண்ணீரை அந்தப் பக்கத்து முக்கோணி முழுக்கப் பரவலாகச் சேர்த்தேன். நீலக் கீற்று மறைந்துவிட்டது. அந்தக் கிணற்றில் மெசின் வைத்தால் நாளுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று வந்தது. நானும் என் பட்டமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கடைசியில் கண்டுபிடித்த விடை, அக்காவின் இரண்டு குடத்துக்கு மிகக் கிட்டே இருந்தது. இதைக் கட்டுரையாகவும் எழுதினேன். மூன்று கிணற்றுக்கும் மூன்று எழுத்துகளை வைத்தேன். வாசித்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், மிக அழகான எதிருதாரணம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் வாந்தியெடுத்தேன்.

போன மாதம் புதுப் படத்தைக் கொண்டுபோய்ப் பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டினேன். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்று எழுதியிருந்தேன். இனியாவது ஒருவரும் என்னைப்போல் செய்யக்கூடாது. விட்டுப்போன கிணற்றுக்காரர்கள் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அக்கா வந்தார். பல மாதமாக வாசிகசாலைப் பக்கமே வராதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, றோட்டிலிருந்து விரலை ஒழுங்கைக்குள் இறக்கினார்.

"இது பெரியக்கான்ரை. இது உன்ரை." விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. "எங்கடை எங்கை?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அச்சில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"எடுத்துப்போட்டன் அக்கா. அது இருந்தால் கணக்குப் பிழைக்குது."

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "வா, வீட்டை போவம்" என்றார்.

 வீட்டுக்குள் போகவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கி அள்ளி, செம்பை நிரப்பி என்னிடம் நீட்டினார். "நாக்கிலை வைச்சுப் பார்."

வைத்தேன். பக்கத்தில் குரோட்டன் நின்றது. துப்பத் திரும்பினேன்.

"துப்பாதை. விழுங்கு."

விழுங்கினேன். தொண்டை எரிந்தது.

"அண்டைக்கு ரெலிபோனிலை சொன்னனான். அப்ப இதிலை காவாசிதான் இருந்தது. நிப்பாட்டியிருந்தால் கிணறு தப்பியிருக்கும். எனக்குத் தெரியும், என்ரை நாக்குக்குத் தெரியும். ஆனால் நான் உன்னை நம்பினனான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அக்கா என்னைத் தேற்ற வேண்டிவரும், அது இன்னும் கேவலம். அதனால் செம்பை வாயில் வைத்து, மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குடித்தேன். அக்கா வெறும் செம்பை வாங்கி, வாளிக்குள் விட்டு, மறுபடியும் நிரப்பினார்.